எந்த ஊர்க் கிம்? – கொரியக் குலங்களின் வரலாறு

தென்கொரியாவில் ஐந்து பேர் ஓரிடத்தில் கூடினால் அவர்களுள் ஒருவர் கிம் என்னும் குடும்பப் பெயர் உடையவராக இருப்பார் எனப் பொதுவாகச் சொல்லிவிடலாம். 2015ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி அந்நாட்டில் 1 கோடியே 7 லட்சம் பேர் கிம். 73 லட்சம் பேர் லீ. 42 லட்சம் பேர் பார்க். இந்த மூன்று பெயர்களுக்குள் மட்டும் நாட்டு மக்களுள் ஏறத்தாழ 45 விழுக்காட்டினர் அடங்கிவிடுகின்றனர்.

கொரியர் தம் பெயரை எழுதும்போது குடும்பப் பெயரை முதலிலும், தமக்கென இட்ட பெயரை அதன் பின்னும் எழுதுவர். குடும்பப் பெயர் தந்தையிடமிருந்து மக்களுக்கு வருவது. பெண் மணமான பின்னரும் கணவன் பெயரை ஏற்பதில்லை. வாழ்நாள் முழுவதும் தந்தை வீட்டுப் பெயரே அவளுடைய பெயர்.

அப்படியானால் ஒரு கோடிக்கு மேற்பட்ட கிம்களும் ஒரே குலத்தினர்தாமா? இல்லை. இரு கிம்கள் சந்தித்துக்கொண்டால் அடுத்து எழும் கேள்வி, “நீங்கள் எந்த ஊர்க் கிம்?” என்பது. ஒருவர் ‘கிம்ஹே ஊர்க் கிம்’ என்பார். மற்றவர் ‘கியோங்ஜு ஊர்க் கிம்’ என்பார். குலத்தின் முதல் மூதாதை வாழ்ந்ததாக அல்லது உரிமை பெற்றிருந்ததாகச் சொல்லப்படும் இந்தப் பூர்விக ஊருக்குக் கொரிய மொழியில் ‘போன்குவான்’ என்று பெயர். குடும்பப் பெயர், பூர்விக ஊர் ஆகிய இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் இருவரும் ஒரே குலத்தவர், அதாவது பங்காளிகள். பூர்விக ஊர் என்பது பிறந்த ஊரன்று, வாழும் ஊருமன்று. அவ்வூரைக் கண்ணால் கண்டிராதவரும் அதன் பெயரைத் தம் பெயரோடு சுமந்து செல்கின்றனர்.

குலங்களுள் மிகப் பெரியது கிம்ஹே கிம். 2015இல் இக்குலத்தினர் மட்டும் ஏறத்தாழ 45 லட்சம் பேர். அடுத்து மிர்யாங் பார்க் குலத்தினர் 31 லட்சம். ஜோன்ஜூ லீ குலத்தினர் 26 லட்சம். இவர்கள் ஒவ்வொரு குலத்தாரும் தாங்கள் ஒரே ஆண்மகனின் வழிவந்தவர்கள் என்றே சொல்லிக்கொள்கின்றனர். இக்கூற்று எவ்வாறு பிறந்தது, எவ்வளவு தூரம் உண்மை, அதை உண்மையென்றே கொண்டு இயற்றிய சட்டம் மக்கள் வாழ்வில் என்ன செய்தது என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

பொன் முட்டையும் பொற்பெட்டியும்

பழங்குலங்களின் தோற்றம் பற்றிய கதைகள் சுவையானவை. கொரியாவின் தென்கிழக்கில் கி.மு. 57இல் தோன்றியதாகக் கூறப்படும் அரசு சில்லா. அதன் முதல் அரசர் சுரைக்காய் போன்ற ஒரு பெரிய முட்டையிலிருந்து வெளிவந்தாராம். சுரைக்காயைக் குறிக்கும் ‘பாக்’ என்ற சொல்லே அவர் குடும்பப் பெயராயிற்று என்பர். நாம் பார்க் என எழுதுவது இப்பெயரைத்தான். கி.பி. 65இல் ஒரு காட்டில் வெள்ளைச் சேவல் கூவக் கேட்டுச் சென்று பார்த்தபோது, மரக்கிளையில் ஒரு பொற்பெட்டி தொங்கிற்றாம். அதனுள் ஓர் ஆண் குழந்தை. பொன்னைக் குறிக்கும் ‘கிம்’ என்ற எழுத்து அக்குழந்தைக்குப் பெயராயிற்று. கியோங்ஜு கிம் குலத்தின் முதல்வர் இவரே.

கிம்ஹே கிம் குலத்தின் கதை வேறு. காயா என்னும் சிற்றரசின் முதல் மன்னர் கிம் சூரோ, கி.பி. 42இல் வானிலிருந்து இறங்கிய ஆறு பொன் முட்டைகளுள் ஒன்றிலிருந்து பிறந்தவராம். கி.பி. 48இல் ‘ஆயுதா’ என்னும் நாட்டு இளவரசி கடல் கடந்து வந்து அவரை மணந்தாள் என்றும், அவள் பெயர் ஹோ ஹ்வாங்-ஓக் என்றும் ‘சம்குக் யூசா’ என்ற நூல் கூறுகிறது. அவர்களுடைய பத்துப் புதல்வருள் இருவர் தாயின் பெயராகிய ஹோவை ஏற்றனர் என்பது மரபு. இதனால் கிம்ஹே கிம் குலத்தாரும் கிம்ஹே ஹோ குலத்தாரும் தம்மை உடன்பிறந்தாராகக் கருதி, நெடுங்காலமாகத் தமக்குள் மணவினை செய்துகொள்வதில்லை. மன்னர், அரசி ஆகிய இருவருடைய கல்லறைகளும் கிம்ஹே நகரில் இன்றும் பேணப்படுகின்றன.

ஆயுதா என்பது எந்த நாடு? அயோத்தி என்று கொண்டு 2001இல் அந்நகரில் அரசிக்கு ஒரு நினைவுச் சின்னம் எழுப்பப்பட்டது. பாண்டிய நாட்டுக் கடற்கரையே அது என்று சொல்வாரும் நம்மிடையே உண்டு. ஒன்றை மட்டும் நினைவிற் கொள்ள வேண்டும். ‘சம்குக் யூசா’ பதின்மூன்றாம் நூற்றாண்டில் இர்யோன் என்னும் பௌத்தத் துறவி தொகுத்த நூல். அது கூறும் நிகழ்ச்சிக்கும் நூலுக்கும் இடையே ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட இடைவெளி உள்ளது. அரசி வந்ததாகச் சொல்லப்படும் காலத்தைச் சேர்ந்த கல்வெட்டோ ஏடோ எதுவும் இச்செய்திக்குச் சான்றாக இல்லை. எனவே இதை ஒரு குலத்தின் நம்பிக்கை எனக் கொள்ளலாமேயன்றி நிறுவப்பட்ட வரலாறு எனக் கொள்ளல் இயலாது.

குடும்பப் பெயர் இல்லாத காலம்

கல்வெட்டுகள் வேறொரு செய்தியைக் கூறுகின்றன. ஆறாம் நூற்றாண்டில் சில்லாவை ஆண்ட ஜின்ஹுங் என்னும் மன்னர், தாம் வென்ற எல்லைகளில் கற்றூண்கள் நாட்டினார். அவற்றில் அவருடன் சென்ற உயர் அலுவலர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. ஒவ்வொருவருக்கும் அவர் சார்ந்த தலைநகர்ப் பகுதியின் பெயரும், பதவியும், சொந்தப் பெயரும் உள்ளன. குடும்பப் பெயர் இல்லை. ஆனால் அதே மன்னரைக் கி.பி. 565இல் ஒரு சீன அரசு தன் பதிவேட்டில் ‘கிம் ஜின்ஹுங்’ என்று குறித்துள்ளது. குடும்பப் பெயர் என்பது முதலில் சீனத்தோடு தூது நடத்துவதற்காக அரச குடும்பம் மேற்கொண்ட வழக்கம் என்பது இதனால் விளங்கும். பொதுமக்களுக்கு அப்போது அது தேவைப்படவில்லை.

குடும்பப் பெயரும் பூர்விக ஊரும் நாடெங்கும் பரவியது அடுத்து வந்த கோர்யோ அரசின் காலத்தில்தான். 918இல் இவ்வரசை நிறுவிய வாங் கோன், 936இல் தீபகற்பம் முழுவதையும் ஒரு குடைக்கீழ்க் கொணர்ந்தார். ஆங்காங்கே படை வைத்திருந்த ஊர்த்தலைவர்களை வெறும் வாள் வலியால் அடக்கிவிட முடியாது என்பதை அவர் அறிந்திருந்தார். பல தலைவர்களின் மகளிரை மணந்து உறவு கொண்டார். அவருக்கு 29 மனைவியர் இருந்தனர். வேறு பலருக்குக் குடும்பப் பெயரும், அவரவர் ஊரில் அதிகாரமும் வழங்கினார்.

சான்றாக ஆன்டோங் நகரைக் கூறலாம். 930இல் அங்கு நடந்த போரில் வாங் கோனுக்குத் துணை நின்றவர் மூவர். அவர்களுள் கிம் ஹேங் என்பவருக்குக் க்வோன் என்ற புதிய குடும்பப் பெயர் பரிசாகக் கிடைத்தது. கிம்மாக இருந்தவர் ஒரே நாளில் க்வோனாக மாறினார்! ஆன்டோங் க்வோன் என்னும் புகழ்பெற்ற குலம் இவரிடமிருந்தே தொடங்குகிறது. குலப்பெயர் என்பது குருதியினால் மட்டும் வருவதன்று, அரச ஆணையாலும் வரும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

கோர்யோ ஆட்சியில் பூர்விக ஊர் என்பது ஆட்சிமுறையின் ஒரு கருவியாகவும் விளங்கிற்று. எவர் எந்த ஊரில் பதிவானாரோ அந்த ஊரே அவருக்குரியது. வரிக்கும் உழைப்புக்கும் அஞ்சி ஓடியவர்களை அரசு மீண்டும் அங்கேயே கொண்டு சேர்த்தது. குற்றம் புரிந்த உயர்குடியினரைத் தலைநகரிலிருந்து நீக்கிப் பூர்விக ஊருக்கே திருப்பி அனுப்புவதும் ஒரு தண்டனையாக இருந்தது. 1055இல், குலப்பதிவு இல்லாதவர் அரசாங்கத் தேர்வு எழுதலாகாது என ஆணை பிறந்தது. பதவி வேண்டுமானால் குலம் வேண்டும் என்ற நிலை இவ்வாறு ஏற்பட்டது.

மகளிருக்கும் இடமளித்த ஏடு

குலத்தின் கொடிவழியைத் தலைமுறை தலைமுறையாக எழுதி வைக்கும் ஏட்டைக் கொரியர் ‘ஜோக்போ’ என்பர். இன்று கிடைப்பவற்றுள் மிகப் பழையது 1476இல் அச்சான ஆன்டோங் க்வோன் குலத்தின் ஏடு. இதைப் புரட்டிப் பார்ப்பவர் வியப்படைவர். ஆண், பெண் என்ற வேறுபாடின்றிப் பிள்ளைகள் பிறந்த வரிசையிலேயே இடம் பெற்றுள்ளனர். மகள் இருக்க வேண்டிய இடத்தில் மருமகன் பெயர் எழுதப்பட்டிருக்கும். மகன் வழிப் பேரர்களைப் போலவே மகள் வழிப் பேரர்களும், அவர்களுடைய பிள்ளைகளும் தொடர்ந்து குறிக்கப்பட்டுள்ளனர். கணவனை இழந்த மகள் மறுமணம் செய்திருந்தால் இரண்டாம் கணவன் பெயரும் மறைக்கப்படவில்லை. இதனால் ஏட்டிலுள்ள சுமார் ஒன்பதாயிரம் பேருள் க்வோன் என்ற பெயருடையவர் பத்தில் ஒரு பங்கினரே. ஏட்டுக்கு முன்னுரை எழுதிய சோ கோஜோங் என்ற அறிஞரும் க்வோன் அல்லர். அக்குலத்துப் பெண்ணின் வழிவந்தவர்.

அக்காலச் சமுதாயமே அவ்வாறு இருந்தது. மணமகன் பெண் வீட்டிற்குச் சென்று வாழ்வதும், பிள்ளைகள் தாய்வீட்டில் வளர்வதும் இயல்பு. கொரியாவின் 50,000 வோன் பணத்தாளில் காணப்படும் ஷின் சைம்டாங் என்ற ஓவியப் பெண்மணி, 1536இல் தம் தாய்வீட்டில்தான் யூல்கோக் என்னும் தத்துவ ஞானியைப் பெற்றெடுத்தார். யூல்கோக்கும் அவர் உடன்பிறந்தாரும் 1566இல் பெற்றோர் சொத்தைப் பங்கிட்டுக்கொண்ட பத்திரம் இன்றும் உள்ளது. அதில் ஆண்மக்களுக்கும் பெண்மக்களுக்கும் பங்கு ஏறக்குறையச் சமமாகவே இருக்கிறது. 1485இல் நடைமுறைக்கு வந்த நாட்டுச் சட்டத் தொகுப்பும் சமப் பங்கையே விதித்தது. மூதாதையர் வழிபாட்டையும் மகனும் மகளும் முறை வைத்துச் செய்தனர்.

இந்நிலை பதினேழாம் நூற்றாண்டில் மாறத் தொடங்கியது. 1392 முதல் ஆண்ட ஜோசோன் அரசு கன்பூசியக் கொள்கையை அரசின் நெறியாகக் கொண்டிருந்தது. தந்தைவழி ஒன்றே வழி, மூத்த மகனே வழிபாட்டுக்கு உரியவன் என்னும் கருத்து மெல்ல மெல்ல வீடுகளுக்குள் நுழைந்தது. வழிபாட்டுப் பொறுப்பு மூத்த மகனுக்குச் சென்றதும் நிலமும் அவனிடமே சேர்ந்தது. மருமகள் கணவன் வீட்டிற்கு வந்து வாழலானாள். குல ஏடுகளில் ஆண்மக்கள் முன்னும் பெண்மக்கள் பின்னுமாக எழுதப்பட்டனர். மகள் வழிப் பேரர்கள் இரண்டொரு தலைமுறையோடு நிறுத்தப்பட்டனர். மகனில்லாதவர் சகோதரன் மகனைத் தத்தெடுத்தார். இன்று ‘பழைமையான கொரியக் குலமரபு’ எனப்படுவது இவ்வாறு கடந்த நானூறு ஆண்டுகளுக்குள் உருப்பெற்றதே ஆகும்.

பெயருக்குள் ஒரு தலைமுறைக் கணக்கு

பரந்து கிடக்கும் குலத்தில் இருவர் சந்தித்தால் யார் மூத்த தலைமுறை என்று எவ்வாறு அறிவது? வயதைக் கொண்டு அறிய முடியாது. மருமகன் முறையினர் மாமனினும் மூத்தவராக இருக்கலாம். இதற்குக் கொரியர் ஓர் அழகிய முறை வகுத்தனர். ஒரே தலைமுறை ஆண்மக்கள் அனைவருடைய பெயரிலும் பொதுவாக ஓர் எழுத்து வரும். அடுத்த தலைமுறைக்கு வேறோர் எழுத்து.

அவ்வெழுத்துகளைத் தேர்வதிலும் பல குலங்களில் ஒரு வரிசை உண்டு. சீனத் தத்துவம் கூறும் ஐந்து மூலங்கள் மரம், நெருப்பு, மண், உலோகம், நீர் என்பன. மரம் எரிந்து நெருப்பாகும். நெருப்பின் சாம்பல் மண்ணாகும். மண்ணில் உலோகம் விளையும். உலோகத்தில் நீர் துளிர்க்கும். நீரால் மரம் வளரும். தந்தையின் பெயரில் ‘மரம்’ என்ற உறுப்பைக் கொண்ட எழுத்து இருந்தால், மகனின் பெயரில் ‘நெருப்பு’ உறுப்புள்ள எழுத்து இருக்கும், பேரனுக்கு ‘மண்’. ஐந்தாம் தலைமுறை ‘நீர்’ ஆனதும் மீண்டும் ‘மரம்’ வரும். இவ்வெழுத்து ஒரு தலைமுறைக்குப் பெயரின் முதலிலும் அடுத்த தலைமுறைக்கு இறுதியிலும் மாறி மாறி அமைவது உண்டு. ஆகவே பெயரைக் கேட்ட மாத்திரத்தில், ‘இவர் எனக்குத் தந்தை முறை’ என்று கண்டுகொள்ளலாம். இக்காலப் பெற்றோர் பலர் இவ்வழக்கைக் கைவிட்டு விருப்பம் போல் பெயரிடுகின்றனர்.

எல்லோரும் உயர்குடியினர் ஆனது எப்படி?

ஜோசோன் காலத்தில் மக்கள் யாங்பான் என்னும் உயர்குடியினர், பொதுமக்கள், அடிமைகள் எனப் பிரிந்திருந்தனர். அடிமைகளுக்குப் பொதுவாகக் குடும்பப் பெயர் கிடையாது. ஷிகாடா ஹிரோஷி என்ற ஜப்பானியப் பொருளாதார வரலாற்றறிஞர் டேகு வட்டாரத்தின் பழைய குடிப்பதிவேடுகளை எண்ணிப் பார்த்தார். 1690இல் உயர்குடி வீடுகள் 9.2 விழுக்காடு; பொதுமக்கள் வீடுகள் 53.7, அடிமை வீடுகள் 37.1. 1858இல் உயர்குடி 70.3, பொதுமக்கள் 28.2, அடிமைகள் 1.5 விழுக்காடே!

நூற்றெழுபது ஆண்டுகளில் உயர்குடியினர் மட்டும் இவ்வளவு பிள்ளைகளைப் பெற்றுப் பெருகியிருக்க முடியுமா? முடியாது. மற்றவர்கள் உயர்குடிக்குள் புகுந்தனர் என்பதே விடை. யாங்பான்களுக்குப் படைக்கட்டணமாகச் செலுத்தும் துணிவரி இல்லை. 1592 முதல் 1598 வரை நடந்த ஜப்பானியப் படையெடுப்பால் கருவூலம் வறண்டபோது, பெயர் எழுதும் இடத்தை வெற்றிடமாக விட்ட பதவிச் சான்றிதழ்களை அரசே விற்றது. பணம் சேர்த்த உழவரும் வணிகரும் அவற்றை வாங்கினர். நொடித்துப்போன ஒரு கிளையின் குல ஏட்டில் தம் பெயரையும் சேர்த்துக்கொண்டனர். பதிவேட்டில் மாணாக்கர் என்னும் சிறப்புப் பெயரை எழுதிக்கொண்டவர் அனைவரையும் ஊரார் யாங்பானாக மதித்தனர் என்று சொல்ல முடியாது எனப் பிற்கால ஆய்வாளர் சுட்டிக்காட்டியுள்ளனர். எனினும் ஏட்டில் ஏறும் வேட்கை எத்தகையது என்பதை இவ்வெண்கள் காட்டுகின்றன.

1801இல் அரசுக்குரிய அடிமைகள் பெரும்பாலோர் விடுவிக்கப்பட்டனர். 1894இல் அடிமை முறையும் குடிப்பிரிவும் சட்டப்படி ஒழிக்கப்பட்டன. 1909இல் வந்த குடிப்பதிவுச் சட்டத்தின்படி ஒவ்வொருவருக்கும் குடும்பப் பெயர் தேவையாயிற்று. இல்லாதவர்கள் எந்தப் பெயரைத் தேர்ந்திருப்பர்? பழைய எசமானரின் பெயரை, அல்லது ஊரில் பெருவாரியாக வழங்கிய பெயரை. கிம், லீ, பார்க் ஆகியவை பெருகியதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

மாறாக, நானூற்றெழுபது ஆண்டுகளுக்கு மேல் கோர்யோவை ஆண்ட கேசோங் வாங் குலத்தினர் இன்று சில பத்தாயிரம் பேரே உள்ளனர். ஜோசோன் அரசு தோன்றியதும் 1394இல் அக்குலத்தவர் தேடிக் கொல்லப்பட்டனர். தப்பியவர்கள் வேறு பெயர் பூண்டு மறைந்தனர் என்பர். பெயர் பெருகுவதும் அருகுவதும் பிள்ளைப் பேற்றை மட்டும் பொறுத்தவை அல்ல. 1940இல் ஜப்பானிய ஆட்சி கொரியரை ஜப்பானிய முறைப் பெயர்கள் சூடச் செய்தது. சில திங்களுக்குள் ஐந்தில் நான்கு குடும்பங்கள் அவ்வாறு பதிவாயின. விடுதலைக்குப் பின் 1946இல் பழைய பெயர்கள் மீட்கப்பட்டன.

ஒரு சிறு கணக்கு

இனி, ஒரே மூதாதையின் வழி என்பதன் பொருளைக் கணக்கிட்டுப் பார்ப்போம். நமக்குப் பெற்றோர் இருவர்; பாட்டன் பாட்டியர் நால்வர்; அவர்களின் பெற்றோர் எண்மர். ஒவ்வொரு தலைமுறை பின்னே செல்லும்போதும் எண்ணிக்கை இரட்டிக்கிறது. பத்தாம் தலைமுறையில் 1,024 இடங்கள். இருபதாம் தலைமுறையில் பத்து லட்சத்துக்கு மேல். முப்பதாம் தலைமுறையில் 107 கோடி. தலைமுறைக்கு முப்பது ஆண்டு என்றால் இது வெறும் தொள்ளாயிரம் ஆண்டுதான். அக்காலக் கொரியாவில் அத்தனை கோடி மக்கள் இருந்திருக்க முடியாது. எனவே ஒரே மூதாதை பல கிளைகளின் வழியாகத் திரும்பத் திரும்ப வருகிறார் என்பது தெளிவு. அதாவது கொரியர் ஒவ்வொருவரும் பல குலத்து முதல்வர்களின் வழிவந்தவரே. குலப்பெயர் காட்டுவது அந்த 107 கோடி இடங்களுள் ஒரே ஓர் இடத்தை; தந்தையின் தந்தையின் தந்தை என்று செல்லும் ஒற்றை இழையை.

உறவின் நெருக்கத்தை அளக்கக் கொரியரிடமே நல்லதோர் அளவுகோல் உண்டு. அதன் பெயர் ‘சோன்’. இருவருக்கும் பொதுவான மூதாதை வரை ஏறும் படிகளையும், மீண்டும் இறங்கும் படிகளையும் கூட்டினால் வருவது சோன். தந்தைக்கும் மகனுக்கும் 1 சோன், உடன்பிறந்தாருக்குள் 2, தந்தையின் சகோதரர் 3, அவருடைய பிள்ளை 4. கொரிய மொழியில் சிற்றப்பனை ‘சம்சோன்’ என்றும், அவர் பிள்ளையைச் ‘சாசோன்’ என்றும் அழைப்பது இந்த மூன்று, நான்கு என்ற எண்களைக் கொண்டே.

மரபியல் கணக்கும் இதைப் பின்பற்றியே செல்கிறது. 4 சோன் உறவினர் இருவர் பொது மூதாதையரிடமிருந்து பெற்ற மரபணுக்களில் சராசரியாக எட்டில் ஒரு பங்கு ஒத்திருக்கும். 8 சோன் உறவில் இது 128இல் ஒரு பங்கு. இருபது தலைமுறைக்கு முன் ஒரு தம்பதியரிடமிருந்து பிரிந்த இருவருக்குள் 40 சோன். அவ்வழியாக அவர்கள் பகிரும் பங்கு 55,000 கோடியில் ஒன்று எனச் சராசரிக் கணக்கு காட்டும். இதை இல்லை என்றே கொள்ளலாம். தெருவில் போகும் வேறு குலத்தவர் பிற கிளைகள் வழியாக இதைவிட நெருங்கிய உறவினராக இருக்கக்கூடும்.

தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டும் செல்லும் ஒய் குரோமோசோம் ஒன்றே குலப்பெயரின் வழியில் செல்வது. ஒரு குலத்து ஆடவர் அனைவரும் உண்மையில் ஒரே ஆணின் வழியினர் என்றால் அவர்கள் அனைவருக்கும் ஒரே வகை ஒய் குரோமோசோம் இருக்க வேண்டும். ஆனால் அரசர் பெயர் வழங்கியதும், மக்கள் பெயரை வாங்கியதும், விடுதலை பெற்றவர் பெயரைத் தேர்ந்ததும் நாம் மேலே கண்டவை. பெயரின் இழையும் குருதியின் இழையும் பலமுறை அறுந்து வேறு வேறாக முடியப்பட்டுள்ளன.

சட்டம் பிரித்த காதலர்

இவ்வளவு மெல்லிய இழையின்மேல் ஒரு கடுஞ்சட்டம் எழுப்பப்பட்டது. 1960இல் நடைமுறைக்கு வந்த தென்கொரிய உரிமையியல் சட்டத்தின் 809ஆம் பிரிவு, குடும்பப் பெயரும் பூர்விக ஊரும் ஒன்றாக உள்ளவர் மணம் செய்துகொள்ளலாகாது என விதித்தது. எத்தனை தலைமுறைக்கு முன் பிரிந்தவராயினும் விலக்கில்லை. 45 லட்சம் பேர் கொண்ட கிம்ஹே கிம் குலத்து இளைஞன் ஒருவன், தன் குலத்தில் முன்பின் அறியாத ஒரு பெண்ணை விரும்பினாலும் மணக்க முடியாது. தாய்வழி உறவுக்கோ இத்தகைய எல்லையற்ற தடை இல்லை. மரபணுக்கள் தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் சமமாகவே வருகின்றன என்பதை இச்சட்டம் கருதவில்லை.

இது தொன்றுதொட்ட வழக்கமும் அன்று. கோர்யோவின் நான்காம் மன்னர் க்வாங்ஜோங் மணந்தது தம் தந்தையின் மற்றொரு மனைவிக்குப் பிறந்த பெண்ணையே. அரச குடும்பத்தில் அத்தகைய மணங்கள் அன்று வழக்கில் இருந்தன. தடை வலுப்பெற்றது கன்பூசிய நெறி ஓங்கிய பின்னரே.

சட்டத்தை மீறி வாழ்ந்த இணையர் கணவன் மனைவியாகப் பதிவு பெற முடியவில்லை. அவர்களுக்குப் பிறந்த குழந்தைகள் மணஉறவுக்குப் புறம்பே பிறந்தவர்களாகவே பதிவேட்டில் நின்றனர். சிக்கல் பெருகவே, 1978, 1988, 1996 ஆகிய மூன்று ஆண்டுகளில் மட்டும் அரசு தனிச்சட்டம் மூலம் கதவைத் திறந்துவிட்டது. அந்த மூன்று ஆண்டுகளில் பதிவு செய்துகொண்ட இணையர் ஏறத்தாழ 45,000. குலத்தலைவர்களும் கன்பூசிய அமைப்புகளும் சட்டத்தைக் காக்கப் போராடினர். மகளிர் அமைப்புகள் அதை நீக்கப் போராடின.

1997 ஜூலை 16ஆம் நாள் அரசமைப்பு நீதிமன்றம், இத்தடை மனிதரின் கண்ணியத்துக்கும் இன்பமாக வாழும் உரிமைக்கும் முரணானது, ஆண்வழியை மட்டுமே கருதுவதால் சமத்துவத்துக்கும் மாறானது எனத் தீர்ப்பளித்தது. 2005இல் சட்டம் திருத்தப்பட்டது. இப்போது தடை, தாய்வழி தந்தைவழி இரண்டிலும் 8 சோன் வரையுள்ள உறவினருக்கு மட்டுமே. இந்த எல்லையும் மிகையானது என்று சிலர் வழக்காட, 2022இல் நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தடையை நிலைநிறுத்தியது. ஆனால் ஏற்கெனவே நடந்த அத்தகைய மணம் எல்லாமே செல்லாது என்ற விதியை ஏற்கவில்லை.

2005 ஜூலையில் உச்ச நீதிமன்றம் இன்னொரு தீர்ப்பும் வழங்கியது. குலத்தின் பொது நிலத்தை விற்ற பணத்தில் உரிய பங்கு தங்களுக்குக் கிட்டவில்லை என்று ஒரு குலத்துப் பெண்கள் தொடுத்த வழக்கு அது. அதுவரை வயது வந்த ஆண்கள் மட்டுமே குலச் சங்கத்தின் உறுப்பினராகக் கருதப்பட்டனர். ஒரே மூதாதையின் வழிவந்த பெண்களும் உறுப்பினரே என்று நீதிமன்றம் கூறியது. 2008 முதல், மணமக்கள் பதிவின்போது ஒப்புக்கொண்டால், பிள்ளை தாயின் குடும்பப் பெயரையும் பெறலாம். 1476ஆம் ஆண்டு ஏட்டில் இருந்த இடம் கொரிய மகளிருக்கு ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பின் ஓரளவு திரும்பக் கிடைத்தது எனலாம்.

புதிய குலங்கள்

குலங்கள் தோன்றுவது இன்னும் நின்றுவிடவில்லை. பழங்காலத்திலேயே அயல்நாட்டார் கொரியாவில் குலம் கண்டனர். பதின்மூன்றாம் நூற்றாண்டில் வியட்நாமிலிருந்து வந்த ஓர் இளவரசர் வழியாக ஹ்வாசான் லீ குலம் தோன்றியது. 1592இல் படையெடுத்து வந்து, பின் கொரியர் பக்கம் சேர்ந்த ஜப்பானிய வீரர் ஒருவர் மன்னரிடமிருந்து கிம் என்ற பெயரைப் பெற்று ஒரு குலத்துக்கு முதல்வரானார். இன்றும் குடியுரிமை பெறுவோர் நீதிமன்ற அனுமதியுடன் புதுக் குடும்பப் பெயரும் பூர்விக ஊரும் பதிந்துகொள்ளலாம். 2000இல் 286 ஆக இருந்த குடும்பப் பெயர்கள் 2015இல் 5,582 ஆக உயர்ந்ததற்கு இவர்களே காரணம். பூர்விக ஊரோடு சேர்த்து எண்ணினால் குலங்கள் 36,000க்கும் மேல். எனினும் ஆயிரம் பேருக்கு மேல் உள்ளவை 858 மட்டுமே.

ஷின் சைம்டாங் அம்மையாரின் குலம் ப்யோங்சான் ஷின். ப்யோங்சான் இன்று வடகொரியாவில் உள்ளது. ஹேஜு, யோனான், கேசோங் ஆகிய ஊர்களும் அவ்வாறே. 1950 முதல் 1953 வரை நடந்த போருக்குப் பின், தெற்கில் வாழும் இக்குலத்தவர் தம் பெயரிலுள்ள ஊருக்குச் சென்று மூதாதையர் கல்லறையில் வணங்க வழியில்லை. ஆயினும் பெயரை அவர்கள் விடவில்லை. ஒரு ஊர்ப்பெயர் மனிதருக்கு எவ்வளவு பெரிய பற்றுக்கோடாக இருக்க முடியும் என்பதை இது காட்டுகிறது.

அப்பற்றில் தவறில்லை. அதை இயற்கையின் விதி என்று எண்ணிப் பிறர் வாழ்வைத் தடுப்பதுதான் தவறு. எந்த ஊர்க் கிம் என்ற கேள்விக்குக் கிடைக்கும் விடை, ஒருவருடைய உடலில் ஓடும் குருதியைப் பற்றி மிகச் சிறிதளவே சொல்லும். அரசர்களையும், தேர்வுகளையும், வரிகளையும், விடுதலை பெற்ற அடிமைகளையும் கடந்து அவர் முன்னோர் வந்த வரலாற்றைப் பற்றி மிகுதியாகவே சொல்லும்.